வீடு அவளுக்கு, சுத்தியல் யாருக்கு?

எங்கள் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. தகப்பனும் சில வேளைகளில் சகோதரர்களும் வாழ்நாளில் பாதியைக் கொடுத்துக் கட்டி எழுப்புகிற கல்வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. உறுதி அவள் பெயரில் எழுதப்படுகிறது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் வீடு வாங்கி மணமுடிப்பதில் என்ன நியாயம் என்பதைப் பற்றி நமது எழுத்தாளர்கள் கதையாகவும் கவிதையாகவும் கட்டுரையாகவும் எழுதிக் களைத்துவிட்டார்கள். அதில் எனக்கும் இரண்டாம் கருத்துக் கிடையாது. நான் கேட்க வந்தது அதற்குப் பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கிற ஒரு சிறிய கேள்வி.

அந்த வீட்டின் கதவுப் பிணைச்சல் ஒன்று தளர்ந்தால் உறுதிக்காரி என்ன செய்கிறாள்? காத்திருக்கிறாள். புருஷன் வரும் வரை, தம்பி வரும் வரை, ஓடாவி வரும் வரை, கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறாள். பைப்பில் வொஷர் தேய்ந்து இரவெல்லாம் நீர் சொட்டினால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். பத்து ரூபாய்ச் சாமான், ஐந்து நிமிட வேலை. ஆனால் அது அவளுடைய வேலையல்ல என்று எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. வீட்டுக்குச் சொந்தக்காரியான அவள் அந்த வீட்டின் இரும்புக்கும் மரத்துக்கும் கம்பிக்கும் விருந்தாளி. இது எப்படி நேர்ந்தது, நேர்ந்தது சரிதானா என்பதுதான் என் கேள்வி.

இதை என்னிடம் எழுப்பியவள் ஏழு வயதான என் மகள். அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. பெருநாள் சல்லியைச் சேர்த்து அவள் வாங்கிக்கொண்ட சாமான் கேட்டது. மற்றப் பெண்பிள்ளைகள் பொம்மையும் சட்டிபானையும் வாங்க, இவள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மஞ்சள் சுத்தியல், சிவப்புக் குறடு, நீல ஸ்குரூ டிரைவர், ஒரு வாள், நாலைந்து பெரிய பிளாஸ்டிக் ஆணிகள். இரண்டு நாள் வீட்டிலிருந்த கதிரை, மேசை எல்லாவற்றுக்கும் வைத்தியம் நடந்தது. மூன்றாம் நாள் பெட்டரி போட்ட டோர்ச் ஒன்றின் ஸ்குரூவில் அந்த நீல ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினாள். ஸ்குரூ அசையவில்லை, டிரைவரின் நுனிதான் முறுகிப்போயிற்று. அவள் அழவில்லை. "வாப்பா, இது பொய்ச் சாமான்" என்றாள்.

அந்தச் சொல்லை நான் பல நாட்கள் யோசித்தேன். சட்டிபானை விளையாட்டில் பொய் என்பதே கிடையாது. மண்ணைச் சோறென்றும் இலையைக் கறியென்றும் வைத்தால், விளையாட்டுக்குள் அது சோறும் கறியும்தான். வந்தவரும் வாயசைத்துச் சாப்பிட்டுவிட்டு "உப்புக் கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பொம்மையும் அப்படித்தான்; தூங்கச் சொன்னால் தூங்கும். திருத்தும் விளையாட்டில் மட்டும் இந்தச் சமாதானம் நிற்பதில்லை. டோர்ச் எரிய வேண்டும். எரிந்ததாக வைத்துக்கொள்வோம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு மனமில்லை. திருத்துவதில் ஆசை வைத்த பிள்ளையை விளையாட்டுச் சாமான் சீக்கிரமே கைவிட்டுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவள் விரும்பியது ஒரு பொருள் தன் கைக்குப் பணிந்து உண்மையாகவே நடப்பதை.

நான் வாத்தியார். பகல் முழுவதும் சிவப்புப் பேனையால் சரியும் பிழையும் போடுகிறவன். என் பிள்ளைகளில் பலர் விடையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறார்கள். சேர் சிரித்தால் சரி, புருவம் சுருங்கினால் பிழை. டோர்ச்சுக்கு முகமில்லை. பெட்டரியைத் தலைகீழாகப் போட்டால் அது அவளுடைய வாப்பா யார் என்று பார்ப்பதில்லை; அவள் பெண்பிள்ளையா என்றும் பார்ப்பதில்லை. சரியாகப் போட்டால் எரிகிறது. ஒரு பிள்ளை தன் விளக்கம் சரியா பிழையா என்பதை எந்த மனிதரின் தயவுமில்லாமல் தானே கண்டுகொள்கிற இடங்கள் எங்கள் கல்வியில் மிகக் குறைவு. அப்படியொரு இடத்தைப் பெண்பிள்ளைகளுக்கு மூடிவைப்பதை நான் வழக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக மாட்டேன். அது ஒரு பறிப்பு.

ஒரு சிறிய குறடும் தேய்ந்த மரப்பிடி ஸ்குரூ டிரைவரும் அவளுக்குக் கொடுத்தேன். பெட்டரிச் சாமான்களைத் தொடலாம், சுவரிலுள்ள சொக்கட்டைத் தொடக் கூடாது என்பது கட்டளை. 230 வோல்ட் யாருடைய ஆசையையும் மதிக்காது. பெண்பிள்ளை என்பதற்காக இந்த எல்லையைப் போடவில்லை. ஆண்பிள்ளை இருந்திருந்தாலும் இதே எல்லைதான்.

அவள் அந்தப் பெட்டிக்கு "ஆயுதப் பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள். அது எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். ஓடாவியின் உளியும் இழைப்புளியும் ஆயுதம், மேசனின் கரண்டியும் ஆயுதம். ஆனால் 1990ஆம் ஆண்டை ஒரு சிறுவனாக இந்தக் கரையோரத்தில் கடந்த என் போன்றோருக்கு அந்தச் சொல் வேறொன்றாகிவிட்டது. ஆயுதம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். யாரிடம் இருக்கிறது, எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். இன்று முற்றத்தில் நின்று "எண்ட ஆயுதப் பெட்டி எங்க?" என்று ஒரு குழந்தை உரத்துக் கத்தும்போது எனக்கு ஒரு கணம் திடுக்கிடுகிறது. அவளுக்கு இல்லை. முப்பது வருடங்களாக எங்களிடமிருந்து களவு போயிருந்த ஒரு சொல்லை அவள் தெரியாமலே ஓடாவியிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது மாமியிடமிருந்து. "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு மருமகன் இந்த ஆயுதமெல்லாம்? ஊரு என்ன செல்லும்?" மாமி சொன்னபோது அவருக்கு முன்னால் திறந்து கிடந்தது அவருடைய கையால் சுற்றும் பழைய சிங்கர் தையல் மெஷின். அடிப்பலகையைக் கவிழ்த்து, பொபின் கூட்டைக் கழற்றி, பல்லுக்குள் சிக்கிய பஞ்சை ஊசியால் கிளறி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூலின் இறுக்கத்தை விரலால் பார்த்துத் திருகைக் கால்சுற்றுத் தளர்த்திக்கொண்டிருந்தார். நாற்பது வருடங்களாக அந்த யந்திரத்தை எந்தப் பாஸும் தொட்டதில்லை. ஊர் ஒன்றும் சொன்னதில்லை. ஏனென்றால் ஊர் அதைத் தையல் என்று அழைக்கிறது.

மாமியை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "இது வேற, அது வேற" என்றார். எது வேறு என்று யோசித்துப் பார்த்தால் பொருளில் ஒரு வேறுபாடும் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. மருதமுனையில் கைத்தறியில் இருந்து நெய்த பெண்கள், அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து, நாடா சிக்கினால் தாங்களே விடுவித்துத்தான் நெய்தார்கள். பன் பாய் இழைத்த எங்கள் மூத்தம்மாமார் அளவுகோல் இல்லாமல் மூலைமட்டம் பிடித்தார்கள். அதெல்லாம் கைவேலை. அதே நுட்பம் ஆணின் கைக்குப் போனால் தொழில். கூலியும் பெயரும் தொழிலுக்கு. கைவேலைக்கு "நல்ல புள்ள" என்ற பாராட்டு.

மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சில விடயங்கள். நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள், கிழிந்த ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அறிவித்தவர் ஆயிஷா (ரழி) அவர்கள். குத்பாக்களில் இதைப் பணிவுக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறோம். அது திறமைக்கும் உதாரணம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செருப்புத் தைக்கத் தெரியாதவர் எவ்வளவு பணிவாக இருந்தாலும் செருப்புத் தைபடாது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைக் கூறுகிற திருமறை, கவசத்தின் வளையங்களை அளவாகக் கோக்கும்படி கட்டளையிடப்பட்டதையும் சேர்த்தே கூறுகிறது. ஒரு நபிக்கு இறங்கிய கட்டளையில் வளையத்தின் அளவு இடம்பெறுகிறது என்பதை நமது மத்ரஸாக்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

அது ஆண்களின் கதை என்பார்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களின் கதை ஆண்களுடையதல்லவே. தம் மனைவியரில் நீண்ட கை உடையவரே தம்மை முதலில் வந்து சேர்வார் என்று நபியவர்கள் சொன்னதைக் கேட்டு, அந்த அன்னையர் ஒருவர் கையோடு மற்றவர் கையை வைத்து அளந்து பார்த்தார்கள். முதலில் மறைந்தவர் ஸைனப். அப்போதுதான் விளங்கியது: அவர் தம் கையால் தொழில் செய்து தர்மம் கொடுத்தவர். தோல் பதனிடுவதும் தைப்பதும் அவருடைய வேலை. அந்தக் கையின் நீளம் உழைப்பில் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சம்பவம். ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணித்துண்டால் இரண்டு சிறகுகள். நபியவர்கள் இது என்ன, அதன் மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். குதிரைக்குச் சிறகா என்று கேட்டபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பற்கள் தெரியும்படி நபியவர்கள் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் குழந்தை உளவியல் படித்தோம். பியாஜேயும் மொண்டிசோரியும் பரீட்சைக்கு வந்தார்கள். ஒரு பிள்ளை செய்த பொருளைப் பற்றி அதைச் செய்த பிள்ளையிடமே காரணம் கேட்பது என்ற பாடத்துக்கு இந்தச் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்தாம் நூற்றாண்டு ஹலபில், ஸைபுத் தௌலாவின் ஆட்சியில், அஸ்தர்லாப் என்ற வானியல் கருவியோடு தொடர்புடைய ஒரு பெண் இருந்தார். இப்னு நதீம் 987இல் எழுதிய பிஹ்ரிஸ்த், கருவி செய்வோரின் வரிசையில் இஜ்லீ என்பவரையும் அவருடைய மகளையும் குறிப்பிடுகிறது. மகளும் தகப்பனைப் போலவே பிதூலுஸ் என்ற ஆசானின் மாணவி. இன்று எல்லோரும் அவரை மர்யம் என்று அழைக்கிறார்கள். அந்நூலில் அந்தப் பெயர் கிடையாது. இஜ்லிய்யா என்றுதான் இருக்கிறது. அவருடைய வாழ்க்கை வரலாறென்று சொல்லப்படுகிற மற்றவையும் பெரும்பாலும் பிற்காலக் கற்பனை. எனக்கு அந்த ஒற்றை வரியே போதும். ஒரு தகப்பன் தன் தொழிலை மகளுக்குத் திறந்துவிட்டான்; நூலாசிரியர் அதை ஓர் அதிசயமாகக் காட்டாமல் வரிசையில் எழுதிவிட்டுப் போனார்.

கஸ்ஸாலி இமாம் இஹ்யாவில் விவசாயம், நெசவு, தையல் போன்ற தொழில்களை பர்ளு கிபாயாவில் சேர்க்கிறார். ஊரில் ஒருவராவது செய்தாக வேண்டும். எவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. நாங்களோ அந்தக் கடமையை எங்களுக்காக நிறைவேற்றுகிறவனைத்தான் கீழே வைத்திருக்கிறோம். மேசன் பாஸுக்குத் தேநீர் கொடுக்கிற கோப்பை வேறு. ஒஸ்தாவின் குடும்பத்தோடு கலியாணம் பேச எத்தனை வீடுகள் முன்வரும்? சாதி நம்மிடம் இல்லை என்று மேடையில் முழங்குவோம். இந்தக் கேள்வியைக் கேட்டால் மேடை அமைதியாகிவிடும்.

என் மகளின் பெட்டியைக் கண்ட ஒரு நண்பர் பாராட்டாகச் சொன்னார்: "விடாதீங்க சேர், இஞ்சினியராக்கிப் போடுங்க." நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தையிலும் அதே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. கை அழுக்காவதைப் பொறுத்துக்கொள்ளலாம், அது ஒரு பட்டத்துக்குப் போகிற வழியாக இருந்தால்! அவள் இஞ்சினியராகலாம், ஆகாமலும் விடலாம். சைக்கிள் டியூப் ஒட்டுகிறதில் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கிற சந்தோஷத்துக்குப் பல்கலைக்கழக அனுமதி சாட்சியாக வரத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டு எங்கள் எல்லோருக்கும் இது கொஞ்சம் விளங்கியது. அந்த மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டொலர் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, புதியது வாங்குவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய சார்ஜ் விளக்குகளும் மண்ணெண்ணெய் அடுப்புகளும் பரணிலிருந்து இறங்கின. ஊரில் திருத்தத் தெரிந்தவன் திடீரென்று மரியாதைக்குரியவனானான். டொக்டரின் வீட்டிலும் அதிபரின் வீட்டிலும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். நிலைமை சீரானதும் அந்த மரியாதையும் பரணுக்கு ஏறிவிட்டது. மகளுக்கு அப்போது நாலு வயது. இருட்டில் நான் விளக்கைக் கழற்றும்போது போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆசை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

பெண்ணுக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் வீடுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். புருஷன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகள் எத்தனை? தண்ணீர் மோட்டர் நின்றால் அந்நிய ஆடவன் ஒருவனை வீட்டுக்குள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அயலுக்குக் கதை. கடந்த வருடம் சாச்சா மவுத்தாகி, சாச்சி இத்தாவில் இருந்தார். நான் அவருக்கு மஹ்ரம் அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில். குளியலறைக் கதவின் கொண்டி கழன்று தொங்க, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கதவுக்கு ஒரு வாளியை முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். என் மனைவி போனபோதுதான் தெரிந்தது. மகள் தன் பெட்டியோடு தாயின் பின்னால் போனாள். நாலு ஸ்குரூ ஆணி, கால் மணித்தியாலம். 4 மாதமும் 10 நாளும் ஒரு பெண்ணின் கண்ணியத்தைக் காப்பதற்காக விதிக்கப்பட்ட காலத்தில், அந்தக் கண்ணியம் நாலு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹயா, பர்தா என்று நாம் பேசுகிற எல்லாமே பெண்ணின் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுப்பதற்கான நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. எப்படியோ அதை மறிப்பதற்கான நியாயமாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. திருத்துதல் என்பதைப் பெண்ணுக்கு நாம் உண்மையில் மறுத்திருக்கிறோமா? பொருளைத் திருத்துவதைத்தான் மறுத்தோம். மனிதரைத் திருத்துவதை அவள் தலையிலேயே கட்டியிருக்கிறோம். குடிகாரனாக வந்தால் திருத்தியெடு. கை நீட்டினால் பொறுத்துப் போ. மாமியார் முறுகினால் சரிக்கட்டிப் போ. உடைந்ததையெல்லாம் ஒட்டவைக்கிற பிசின் அவள். இஸ்லாஹ் என்ற சொல்லை இந்த ஆலோசனைகளுக்கு மேலே ஒரு விரிப்பைப் போல் போர்த்தியும் விடுகிறோம்.

இஸ்லாஹ் என்றால் சீராக்குதல், இணக்கமாக்குதல். ஸாலிஹான அமல் என்கிறபோது வருகிற அதே வேர். பிணங்கிக்கொண்ட இரு கூட்டத்தாரிடையே இஸ்லாஹ் செய்யச் சொல்கிற திருமறை, வரம்பு மீறுகிற தரப்பை எதிர்த்து நிற்கவும் அதே இடத்தில் சொல்கிறது. தம்பதியருக்குள் பிணக்கு வந்தால் இரு பக்கத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பச் சொல்கிறது. பிரிவுக்கும் வழி வைத்திருக்கிறது. சூரத்துல் கஹ்பில், விழப்போன சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்தியவர்தான் அதற்கு முன்னர் ஒரு படகின் பலகையைக் கழற்றியவரும். அச்சம்பவத்தின் ஞானம் பெரியது. என் மகள் கழற்றிப்போட்ட மணிக்கூட்டுக்கு அதை ஆதாரமாக்க நான் துணியவில்லை. ஆனால் சீராக்குதல் என்பது எப்போதும் ஒட்டிவைத்தல்தான் என்று அங்கே இல்லை என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

ஆயுதம் பிடித்துப் பழகிய கைக்கு இது புத்தகமில்லாமலே தெரியும். ஸ்குரூவின் மரை தேய்ந்துவிட்டால் எவ்வளவு பலமாகத் திருகினாலும் அது பிடிக்காது. திருகத் திருக மரமும் சேர்ந்து சேதமாகும். அப்போது திருகுவதை நிறுத்த வேண்டும். புது ஆணி போட வேண்டும், அல்லது துவாரத்தையே மாற்ற வேண்டும். முதல் தடவை மகள் இதைக் கண்டபோது இன்னும் பலமாகத் திருகினால் சரிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். இப்போது இரண்டு சுற்றிலேயே தெரிந்துவிடுகிறது. "மரை போயிட்டு வாப்பா" என்று வைத்துவிடுகிறாள். அவளுக்கு அதில் வெட்கமில்லை. தான் போதிய அளவு முயலவில்லை என்ற குற்ற உணர்வும் இல்லை. குற்றம் மரையில்.

காதி நீதிமன்ற வாசலில் பஸஹ் கேட்டுக் காத்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களும் அவர்களில் உண்டு. இன்னும் கொஞ்சம் திருகிப் பார் என்று ஊரே சொன்ன பிறகு வந்து நிற்பவர்கள். அவர்களில் எவருக்கும் ஏழு வயதில் ஒரு குறடு கிடைத்திருந்தால் வாழ்க்கை மாறியிருக்கும் என்று சொல்ல நான் அவ்வளவு எளிமையானவனல்ல. ஆனால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று தன் கையாலேயே தீர்மானித்துப் பழகிய பிள்ளைக்கும், எல்லாவற்றையும் நீதான் திருத்த வேண்டும் என்று காதால் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் வேறுபாடு இருக்கும் என்று நம்புகிறேன்.

பத்தாம் தரத்தில் பிள்ளைகள் தெரிவுப் பாடம் எடுக்கிறார்கள். பட்டியலில் மனைப்பொருளியல் இருக்கிறது. இயந்திரத் தொழினுட்பவியல், நிர்மாணத் தொழினுட்பவியல், மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் ஆகியவையும் இருக்கின்றன. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. சட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் தடையில்லை. எனக்குத் தெரிந்த எங்கள் பகுதிப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியல் வாசித்துக் காட்டப்படுவதே இல்லை. "நீங்கெல்லாம் மனைப்பொருளியல்தானே" என்று படிவம் நிரப்பப்படுகிறது. மனைப்பொருளியல் நல்ல பாடம், ஆண்பிள்ளைகளும் படிக்க வேண்டியது. என் ஆட்சேபம் அந்தத் "தானே"யில் இருக்கிறது. வருகிற தவணை பெற்றோர் கூட்டத்தில் பட்டியல் முழுவதையும் வாசிப்பதென்று நானும் இன்னொரு ஆசிரியையும் பேசி வைத்திருக்கிறோம். மின்னியல் பாடத்துக்கு எங்களிடம் ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. யாராவது ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்திவிட்டால் என்ன செய்வதென்று ஆசிரியை கேட்கிறார். உயர்த்தட்டும், அதன் பிறகு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.